மறையாத மதராஸ்: சித்தூர்ச் சரக்கும் துறைமுகக் குறியீடும்

சித்தூர் வட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலை ஒன்றிலிருந்து வளைகுடா நாட்டுக்கோ ஐரோப்பாவுக்கோ செல்லவேண்டிய கன்டெய்னருக்கு, அது ஆலை வாசலைத் தாண்டும் முன்பே ஒரு துறைமுகம் எழுதப்பட்டுவிடுகிறது. சரக்கு அனுப்பும் முகவரின் மென்பொருளில் ‘ஏற்றும் துறைமுகம்’ என்ற கட்டத்தில் ஐஎன்எம்ஏஏ1 என்னும் ஆறு குறிகள் பதிவாகின்றன. முதல் இரண்டும் இந்தியாவைக் குறிப்பவை. அடுத்த மூன்றும் ஊருக்கு உரியவை. இறுதி இலக்கம் சரக்கு வெளியேறும் வழியைச் சொல்வது: 1 என்றால் கடல், 4 என்றால் வானூர்தி, 6 என்றால் உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையம். நடுவிலுள்ள ‘எம்ஏஏ’ மதராஸுக்காக அமைந்த எழுத்துகள். மதராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. சித்தூர் மாவட்டமோ அதற்கு 43 ஆண்டுகள் முன்னரே மதராஸ் மாநிலத்திலிருந்து பிரிந்து ஆந்திர மாநிலத்தில் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஆவணங்களைப் பொறுத்தவரை சித்தூரின் மாங்கூழ் இன்றும் மதராஸில்தான் கப்பலேறுகிறது.

மென்பொருளை நிறுவும்போது துறைமுகப் பட்டியலை நிரப்புவது பொதுவாக எழுத்தர் வேலையாகவே கருதப்படுகிறது. ஊர்ப்பெயர், நாடு, குறியீடு என்று வரிசையாகத் தட்டச்சு செய்து முடித்துவிடக் கூடிய ஒன்று என்பதே எண்ணம். வரலாற்று நோக்கில் பார்த்தால் அந்தப் பட்டியல் வேறொன்றின் பதிவாகத் தெரிகிறது. எந்த இடத்தில் சரக்கேற்றலாம் என்று யார் யாருக்கு அனுமதி கொடுத்தார் என்பதன் தொகுப்பு அது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அதன் 7ஆம் பிரிவின்படி, அறிவிக்கை மூலம் குறிக்கப்பட்ட இடமே சுங்கத் துறைமுகம். அலையும் ஆழமும் கப்பலும் இருந்தாலும் அறிவிக்கை இல்லையேல் ஏற்றுமதிக்கு அங்கே துறைமுகம் இல்லை. 8ஆம் பிரிவு இன்னும் ஒருபடி போய், அத்துறைமுகத்துக்குள் எந்த இடத்தில் சரக்கை ஏற்றி இறக்கலாம் என்பதையும் வரையறுக்கிறது.

துறைமுகத்தை அனுமதியால் உண்டாக்கும் இந்த வழக்கம் 1962இல் தோன்றியதன்று. ‘எம்ஏஏ’ என்ற எழுத்துகளின் பின்னணியே அதற்குச் சான்று. அந்தப் பின்னணியின் இரு முக்கிய இடங்களும் திருப்பதியைச் சுற்றியே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் முதலில் நிலைகொண்ட ஊர் சென்னை அன்று. 1611இல் மசூலிப்பட்டினத்தில் தொடங்கி, 1626இல் பழவேற்காடு ஏரியின் வடகோடிக்கு அருகே துகராசபட்டினத்தில் ஒரு பண்டகசாலை அமைத்தது. கம்பெனி ஏடுகளில் அவ்வூர் ஆர்மகான். ஆங்கிலேயருக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவருடைய பெயரின் திரிபு அது என்று சொல்லப்படுவதுண்டு. ஆக, ஒரே துறைக்கு உள்ளூரில் ஒரு பெயர், கணக்கேட்டில் இன்னொரு பெயர். இன்றைய மென்பொருளில் ஒரே துறைமுகம் இரண்டு பெயர்களில் இரண்டு பதிவுகளாகக் கிடக்கும் சிக்கலுக்கு 400 ஆண்டு முன்னோடி இது எனலாம்.

ஆர்மகானில் பீரங்கிகளோடு அரணும் எழுந்தது. ஆனால் வணிகம் எழவில்லை. விரும்பிய தரத்தில், விரும்பிய விலையில் துணி கிடைக்கவில்லை. தெற்கே பழவேற்காட்டில் 1613 முதல் கோட்டை கட்டி அமர்ந்திருந்த டச்சுக்காரரின் போட்டி வேறு. ஆர்மகானின் தலைமை அலுவலராக இருந்த பிரான்சிஸ் டே இன்னும் தெற்கே இடம் தேடியதன் விளைவே 1639ஆம் ஆண்டு உடன்படிக்கை. தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் மதராஸபட்டினம் என்ற கரையோரத் துண்டு நிலத்தைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நாள் ஆகஸ்ட் 22 என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1640 பிப்ரவரியில் ஆர்மகானைக் கைவிட்டு டேயும் ஆண்ட்ரூ கோகனும் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தனர்.

நாயக்கருக்கு மேலதிகாரம் விஜயநகரத்தின் கடைசி மரபான அரவீட்டாருடையது. அவர்களது அரசு சந்திரகிரியையும் வேலூரையும் மையமாகக் கொண்டது. திருப்பதிக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள சந்திரகிரி ராஜமகாலில்தான் கோட்டைக்கான நிலம் எழுதித் தரப்பட்டது என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. அது மரபுவழிச் செய்தி. 1639ஆம் ஆண்டின் ஆவணம் நாயக்கருடையது. அரவீட்டு அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் அதை உறுதிசெய்தது 1645இல். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்க்கும்போதும் ஒன்று தெளிவு: மதராஸ் துறையாவதற்கான ஒப்புதல் இன்றைய திருப்பதி, சித்தூர்ப் பகுதியை ஆண்ட அரசிடமிருந்து வந்தது.

அந்த ஒப்புதலின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. கோட்டை கட்டும் உரிமையுடன் கம்பெனிச் சரக்குக்குச் சுங்க விலக்கும், துறையின் வருவாயில் பங்கும் அதில் இருந்தன. துறைமுகம் கட்டுவதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கட்டக்கூடிய கரையும் அதுவன்று. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. 1861இல்தான் ஒரு பாலத்துறை கிடைத்தது. 1870களில் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்கள் 1881 புயலில் சிதைந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கட்டுமானம் எதுவுமின்றி, அனுமதியாலும் கணக்கேட்டாலும் மட்டுமே மதராஸ் ஒரு பெருந்துறைமுகமாக இருந்திருக்கிறது.

பெயர்ச் சிக்கல் பிறப்பிலேயே இருந்தது. தம் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயர் புதிய ஊருக்கு வழங்கவேண்டும் என்பது நாயக்கரின் விருப்பம். சென்னப்பட்டினம் என்பது மக்கள் நாவிலும், மதராஸபட்டினம் என்பது கம்பெனிக் கணக்கிலும் நிலைபெற்றன. 1996இல் அரசு செய்தது புதுப்பெயர் இடுவதன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தது. குறியீட்டுப் பட்டியல் மற்றதை வைத்துக்கொண்டது.

இடையில் எல்லைகள் பலமுறை நகர்ந்தன. சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த காலம் உண்டு. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதில் சேர்ந்தது. திருப்பதியையும் சித்தூரின் தமிழ் வட்டங்களையும் கோரி ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழ்நாட்டு வரலாற்று மாணவர்கள் அறிந்ததே. படாஸ்கர் பரிந்துரையின் பேரில் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாற்றாகச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று.

இந்த மாற்றீட்டின் பின்விளைவு அதிகம் பேசப்படாதது. சத்தியவேடு, வரதையபாளையம் பக்கத்தில்தான் 2008 முதல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இயங்குகிறது. இசுசு, டெய்கின், ஆல்ஸ்டாம் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் அங்குண்டு. 1960க்கு முன் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த மண்ணில் உருவாகும் பொருள், ஆந்திர முகவரியோடு புறப்பட்டுச் சில பத்துக் கிலோமீட்டரில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றில் ஒன்றில் கப்பலேறுகிறது. மாநில எல்லை வரைந்தவர்கள் மொழியைப் பார்த்தார்கள், கிராமத்தைப் பார்த்தார்கள். சரக்கு எந்தக் கரையை நோக்கி ஓடுகிறது என்பது அந்த விவாதத்தில் இடம்பெறவே இல்லை.

இனி எழுத்துகளின் கதை. நாடுகளுக்கான ஈரெழுத்துக் குறிகளை ஐஎஸ்ஓ 3166 என்ற தரநிலை 1974இல் வெளியிட்டது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஜெனீவாவில் தயாரித்த 16ஆம் பரிந்துரை அதன்மேல் கட்டப்பட்டது. ஊருக்கு மூன்றெழுத்து சேர்த்து ஐந்தெழுத்துக் குறியாக அமைந்த அப்பட்டியலின் முதல் பதிப்பு 1981இல் வந்தது. யுஎன் லோகோட் என்று சரக்குத் துறையினர் அழைப்பது இதைத்தான். இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. புதிதாக எழுத்துகளைக் கண்டுபிடிப்பதைவிட, வானூர்தி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா ஏற்கெனவே தந்திருந்த மூன்றெழுத்துகளை முடிந்தவரை ஏற்பது என்பது அதன் கொள்கை. ஆகவேதான் 17ஆம் நூற்றாண்டுத் துறைமுகம் ஒன்று 20ஆம் நூற்றாண்டு விமான நிலையத்தின் எழுத்துகளைத் தாங்கி நிற்கிறது: மீனம்பாக்கத்தின் ‘எம்ஏஏ’ பாரிமுனைக் கடலுக்கும் உரியதாயிற்று. தூத்துக்குடி இதற்கு விலக்கு. அங்கே விமான நிலையம் ‘டிசிஆர்’, துறைமுகம் ‘டியுடி’.

மூன்றெழுத்துக்குள் ஊர்ப்பெயரைச் சுருக்கும்போது தென்னிந்தியாவுக்கென்று ஒரு தொல்லை எழுகிறது. பாடல்பெற்ற தலங்களும் மங்களாசாசனம் பெற்ற தலங்களும் நிறைந்த நாட்டில் ‘திரு’ என்று தொடங்காத ஊர் அரிது. திருப்பதி ‘டிஐஆர்’ எழுத்துகளையும், திருச்சிராப்பள்ளி ‘டிஆர்இசட்’ எழுத்துகளையும், திருவனந்தபுரம் ‘டிஆர்வி’ எழுத்துகளையும் பெற்றன. திருச்சிக்குக் கிடைத்த இறுதி எழுத்து ஊர்ப்பெயரில் எங்கும் இல்லாதது. திருப்பதியின் எழுத்துகளுக்கு இன்னொரு பொருளும் இருப்பது வேடிக்கை. எல்லை கடக்கும் லாரிகளுக்கான 1975ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கமும் அதே மூன்றெழுத்துதான். இந்தியா 2017இல் அதில் இணைந்தது. அந்தப் பலகை தாங்கிய லாரி ஏழுமலையானுக்கு எதையும் கொண்டுவருவதில்லை.

பட்டியல் ஒவ்வோர் இடத்துக்கும் அதன் பணியையும் எண்ணால் குறிக்கிறது: 1 துறைமுகம், 2 ரயில் முனையம், 3 சாலை முனையம், 4 விமான நிலையம், 6 பலவழி முனையம். இந்தியச் சுங்கம் தன் ஆறாவது குறியில் பயன்படுத்தும் 1, 4, 6 ஆகியவை இந்த வரிசையோடு ஒத்துப்போகின்றன. பன்னாட்டுப் பட்டியலுக்கு ஊர் ஒன்று, பணிகள் பல. இந்தியச் சுங்கத்துக்கு ஒவ்வொரு பணியும் தனி இடம், தனி அலுவலகம், தனி அதிகாரி. சென்னைக் கடல் வேறு, சென்னை வான்வழி வேறு. பன்னாட்டுச் சந்தைக்கென எழுதப்படும் மென்பொருள் ஐந்தெழுத்தை அடித்தளமாகக் கொள்கிறது. அதை இந்தியாவில் நிறுவுபவர் ஒவ்வொரு ஐந்தெழுத்துக்கும் கீழே உரிய ஆறாம் குறிகளை இணைத்தாக வேண்டும். நிறுவல் வேலையின் உண்மையான கடினம் இங்கேதான் இருக்கிறது.

பெயர் மாற்றங்கள் இந்த அடுக்கைத் தொடுவதில்லை என்பது வரலாற்று மாணவர்களுக்குச் சுவையான செய்தி. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. குறியீட்டில் எண்ணூரின் ‘இஎன்ஆர்’ நீடிக்கிறது. தூத்துக்குடி 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது, ‘டியுடி’ மாறவில்லை. மும்பைக்கு எதிர்க்கரையில் 1989இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் குறி ஐஎன்என்எஸ்ஏ1. அது நாவா, சேவா என்ற சிற்றூர்களின் பெயரிலிருந்து வந்தது. மதராஸ் விஷயத்தில் காலனியப் பெயரைக் காக்கும் குறியீடு, நாவா சேவா விஷயத்தில் தலைவர் பெயரின் அடியில் மறைந்துபோன கரையோர ஊர்களைக் காக்கிறது. ஆகவே குறியீடுகளைக் காலனிய எச்சம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியன்று. அவை பிறந்த நாளின் பெயரைப் பிடித்துக்கொண்டவை, அவ்வளவே.

இந்தப் பிடிவாதத்துக்கு நடைமுறைக் காரணம் உண்டு. பழைய ஷிப்பிங் பில், பழைய பில் ஆஃப் லேடிங், பழைய வழக்கு எல்லாம் அந்தக் குறியில்தான் கிடக்கின்றன. 1990களில் டில்லியில் தொடங்கிய இந்தியச் சுங்கத்தின் கணினி முறை நாடெங்கும் பரவியபின், ஒரு குறியை மாற்றுவது என்பது ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவது போன்ற எளிய காரியமாக இல்லை.

பிழை நேர்ந்தால் அதன் விலை என்ன என்பதற்குச் சித்தூர் நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தில் கிளிமூக்கு, பெங்களூரா என்று அறியப்படும் தோத்தாபுரி மாம்பழம் இங்கே கூழாகிறது. கூழ் ஆலைகள் ஆண்டின் பழம் முழுவதையும் கோடையின் சில வாரங்களில் வாங்கித் தீர்க்க வேண்டியவை. விற்பனையோ ஆண்டு முழுவதும் நடப்பது. கடனில் வாங்கிய பழம், டிரம்களிலும் டின்களிலும் அடைபட்டுக் கிடங்கில் நிற்கிறது. இத்தகைய தொழிலில் வரவேண்டிய பணம் ஒரு மாதம் தாமதித்தாலும் வட்டி ஏறும். அடுத்த பருவத்தில் விவசாயிக்குத் தரும் விலையிலும் அது எதிரொலிக்கக் கூடும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், ஐ.ஜி.எஸ்.டி. செலுத்தி ஏற்றுமதி செய்து அதைத் திரும்பப் பெறும் முறையைத் தேர்ந்தோருக்கு, ஷிப்பிங் பில்லே திருப்பீட்டு விண்ணப்பமாகக் கொள்ளப்பட்டது. ஜி.எஸ்.டி. படிவத்தின் 6ஏ அட்டவணையில் எழுதும் பில் எண், நாள், துறைமுகக் குறி மூன்றும் சுங்கக் கணினியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஆலையின் கணக்காளர் ஒரு பட்டியலிலிருந்தும், முகவரின் ஊழியர் இன்னொரு பட்டியலிலிருந்தும் குறியை எடுத்தால் பொருத்தம் நடவாது. எஸ்பி001 என்ற பிழை எண் மட்டும் வரும். சரக்கு கடல் கடந்து, வாங்கியவர் உண்டு முடித்திருப்பார். வரிப்பணம் வந்திருக்காது. நாடு முழுவதும் இப்படித் தேங்கிய தொகையைத் தீர்க்க 2018 மார்ச்சில் சுங்கத்துறை சிறப்பு முகாம்களையே நடத்தவேண்டியிருந்தது.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சிக்கல் இரட்டிப்பாகிறது. குப்பம், பலமனேர் பக்கத்துச் சரக்குக்குப் பெங்களூரு அருகே. குப்பத்துக் கிரானைட்டுக்குச் சென்னையைவிட ஒயிட்ஃபீல்டு நிலையம் கிட்ட. அங்கே சுங்கச் சோதனை முடித்து ரயிலில் சென்னைக்கு வந்து கப்பலேறும் கன்டெய்னருக்கு ஏற்றுமதித் துறைமுகம் எது? ஷிப்பிங் பில்லின்படி அது ஐஎன்டபிள்யூஎஃப்டி6, அதாவது கடலே இல்லாத ஒயிட்ஃபீல்டு. கப்பல் நிறுவனத்துக்கோ அது சென்னை. சென்னையில் கப்பல் புறப்பட்டதற்கான பட்டியல் ஒயிட்ஃபீல்டின் பில்லோடு இணையாவிட்டால் எஸ்பி006 என்ற வேறொரு பிழை. ‘ஏற்றும் துறைமுகம்’ என்ற ஒரே கட்டம் கொண்ட மென்பொருளில் இவ்விரு உண்மைகளும் அடங்கா. சரக்கைப் பெறும் இடம், சுங்கம் முடிக்கும் இடம், கப்பலேறும் இடம் என மூன்றையும் பிரித்து நிறுவுவதே முறை.

வங்கியின் பார்வை இவை இரண்டிலும் வேறானது. எல்.சி. என்னும் கடன் உறுதிக் கடிதத்தில் ‘சென்னைத் துறைமுகம்’ என்று இருந்து, கப்பல் காட்டுப்பள்ளியில் ஏற்றியிருந்தால், 2007 முதல் நடப்பிலுள்ள யுசிபி 600 விதித்தொகுப்பின் 20ஆம் உறுப்பின்படி ஆவணம் முரணானது. பணத்தை மறுக்க வங்கிக்கு அதுவே போதும். சென்னைவாசிக்கு எண்ணூரும் காட்டுப்பள்ளியும் சென்னைதான். அடுத்தடுத்து அமைந்த அவ்விரண்டுக்கும் ‘இஎன்ஆர்’, ‘கேஏடி’ எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. வங்கி அதிகாரிக்கு அவை மூன்று துறைமுகங்கள். இதனால்தான் ‘ஏதேனும் ஓர் இந்தியத் துறைமுகம்’ என்று எல்.சி.யில் எழுதிக் கேட்கும் பழக்கம் ஏற்றுமதியாளரிடம் உருவானது. 1639இல் பிரான்சிஸ் டேக்குக் கிடைத்த அனுமதி ஒரு கரைக்கு மட்டும் உரியதாயிருந்தது. எந்தக் கரைக்கும் பொருந்தும் அனுமதி வணிகர் நெடுங்காலம் விரும்பிப் பெறமுடியாத ஒன்று.

2008இல் நெல்லூர் மாவட்டத்தில் கிருஷ்ணபட்டினம் திறக்கப்பட்டபோது சித்தூருக்கு ஆந்திரக் கரையிலேயே ஒரு மாற்று கிடைத்தது, குறி ஐஎன்கேஆர்ஐ1. அதன் உரிமை பின்னர் அதானி குழுமத்துக்குக் கைமாறியும் குறி அப்படியே இருக்கிறது. எனினும் சரக்கு எங்கே போகிறது என்பதை நிர்ணயிப்பது தூரமோ மாநிலப் பற்றோ மட்டுமன்று. எந்தக் கப்பல் எந்த வாரம் வருகிறது, வெற்றுக் கன்டெய்னர் எங்கே கிடைக்கிறது என்பவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

கடலற்ற திருப்பதி என்ற நிலையும் ஒருநாள் மாறியது. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவானபோது கடற்கரையும் அதோடு வந்தது. அக்கரையில் துகராசபட்டினமும் ஒன்று. 2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் தன் 13ஆம் அட்டவணையில், அந்த ஊரில் ஒரு பெருந்துறைமுகத்தை மத்திய அரசு அமைக்கும் என்றும் முதற்கட்டம் 2018 இறுதிக்குள் முடியும் என்றும் எழுதியிருந்தது. பழவேற்காடு ஏரியின் பறவைகள், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் அண்மை, வடக்கே கிருஷ்ணபட்டினத்தின் போட்டி ஆகிய காரணங்கள் முன்வைக்கப்பட்டன. 2018 கடந்தது, துறைமுகம் எழவில்லை. மசூலாப் படகுகள் மட்டுமே இருந்த மதராஸ் அனுமதியால் துறைமுகமாயிற்று; நாடாளுமன்றச் சட்டத்திலேயே பெயர் ஏறிய துகராசபட்டினத்துக்கு அது வாய்க்கவில்லை. அங்கே டேயின் காலத்துப் பெயர் கலங்கரை விளக்கத்தில் மிஞ்சியிருக்கிறது: மாலுமிகளின் ஏடுகளில் அது இன்றும் ஆர்மகான் விளக்கு.